வெஸ்நாத்தா, பான்சர் கார்ப்ஸா: சண்டைக் கணக்கு பழக எது தோது?

ஆளுக்கொரு முறையாக மாறி மாறி ஆடும் டர்ன் முறைப் போர் கேம்களுக்குப் புதிதாக வருகிறவருக்கு வரைபடமும் பொத்தான்களும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் தொல்லை கொடுக்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த யூனிட்டை (படைப்பிரிவை) அந்த யூனிட் மேல் ஏவினால் என்ன ஆகும்? நான் இதை இரண்டு கேம்களை மாற்றி மாற்றி ஆடிப் பழகினேன். ஒன்று, 2011-இல் வந்த பான்சர் கார்ப்ஸ். இன்னொன்று, பேட்டில் ஃபார் வெஸ்நாத். இப்போது என் கணினியில் மிஞ்சியிருப்பது வெஸ்நாத் மட்டும். அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வெளிப்படையான வித்தியாசங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். ஒன்றில் இரண்டாம் உலகப் போரின் டாங்கிகள், மற்றதில் எல்ஃப், ஓர்க், எலும்புக்கூடு. ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், மற்றது இலவசம். இரண்டிலும் அறுகோணக் கட்டங்கள்தான். டாங்கி பிடிக்குமா, எல்ஃப் பிடிக்குமா என்பது அவரவர் ரசனை.

பான்சர் கார்ப்ஸில் எதிரி மேல் மவுஸைக் கொண்டுபோனாலே இரண்டு எண்கள் வந்துவிடும்: அவனுக்கு இத்தனை இழப்பு, உனக்கு இத்தனை இழப்பு. ஒரு யூனிட்டின் வழக்கமான பலம் 10 என்பதால், ‘அவனுக்கு 4, எனக்கு 2’ என்று பார்த்ததும் புரிந்துவிடும். முதல் நாளில் இதைவிட வசதி வேறில்லை. நானும் அந்த இரண்டு எண்களை நம்பியே முதல் சில போர்களைச் சுலபமாக ஜெயித்தேன்.

பிறகு ஒரு நகரம் வந்தது. உள்ளே பதுங்கியிருந்த காலாட்படை மேல் என் டாங்கியை விட்டேன். சமமான சேதம் என்று எண்கள் சொன்னதாக நினைவு. நடந்ததோ, எதிரிக்கு ஒரு கீறல், எனக்குப் பாதி டாங்கி காலி. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நகரம் போன்ற நெருக்கமான இடத்தில் டாங்கியின் வழக்கமான தற்காப்பு எண் செல்லாது, அதற்கென்று தனியாக இருக்கும் நெருக்கப்போர்த் தற்காப்பைத்தான் கேம் எடுத்துக்கொள்ளும். அது டாங்கிகளுக்குப் பரிதாபமாக இருக்கும். அது போக யார் முதலில் சுடுவது, எதிரி எவ்வளவு ஆழமாகப் பதுங்குகுழி வெட்டியிருக்கிறான், அவன் அனுபவம் எவ்வளவு என்று ஒரு பெரிய பட்டியலே பின்னால் ஓடுகிறது. நன்றாக வேரூன்றிய படை சில சமயம் எதிர்பாராமல் தாக்குகிறவனையே போட்டுச் சாத்திவிடும்; 1994-இல் வந்த பான்சர் ஜெனரல் காலத்திலிருந்தே இந்த வகைக் கேம்களில் இருக்கிற விதி அது. இதையெல்லாம் நான் கையேட்டைப் படித்து, தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். ஆட்டத்தின் நடுவில் என் கண்ணுக்குத் தெரிந்தவை அந்த இரண்டு எண்கள் மட்டும்தான்.

வெஸ்நாத்தில் விதிகள் கொஞ்சம்தான். அடி விழுமா விழாதா என்பதை அடி வாங்குகிறவன் நிற்கும் தரையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சாதாரண மனித வீரன் புல்வெளியில் நின்றால் தற்காப்பு 40 சதவீதம். அதாவது நம் ஒவ்வொரு அடியும் விழ 60 சதவீத வாய்ப்பு. அவனே ஒரு கிராமக் கட்டத்தில் ஏறிவிட்டால் இது அப்படியே தலைகீழாகிவிடும், நமக்கு 40தான். ஸ்பியர்மேன் என்ற ஈட்டிக்காரனின் அடி 7-3: ஏழு ஏழாக மூன்று குத்து. இதன்மேல் பகல், இரவுக்கு 25 சதவீதம் கூட்டலோ கழித்தலோ. பிறகு ஆயுத வகைக்கான எதிர்ப்புச் சக்தி. சில யூனிட்டுகளின் சிறப்புத் திறன்களைத் தள்ளிவிட்டால் அடிப்படை அவ்வளவுதான்.

தாக்கும் முன் வரும் பெட்டியில் சேதக் கணக்குக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. தொட்டால், சண்டை முடியும்போது யாருக்கு எத்தனை ஹெச்பி (உயிர்ப் புள்ளி) மிஞ்ச எத்தனை சதவீத வாய்ப்பு என்று பட்டை பட்டையாகக் காட்டும். பான்சர் கார்ப்ஸின் ஒற்றை எண்ணுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை ஒரு உதாரணத்தில் பாருங்கள்.

எதிரிக்கு 14 ஹெச்பி மிச்சம். என் ஸ்பியர்மேனின் இரண்டு குத்து விழுந்தால் அவன் காலி. அவன் புல்வெளியில் நிற்கிறான். மூன்று குத்து, 60 சதவீதம் என்றால் சராசரி சேதம் 12.6. அந்த ஒற்றை எண்ணை மட்டும் காட்டினால், ‘சாகமாட்டான், சின்ன உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும்’ என்றுதான் நினைப்போம். உண்மையில் அவன் சாக 64.8 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கிராமத்தில் நின்றால் அது 35.2. அது மட்டுமல்ல, கிராமத்தில் நிற்கிறவன் மேல் மூன்று குத்துமே வீணாக 21.6 சதவீத வாய்ப்பு, ஐந்தில் ஒரு தடவைக்கும் மேல். ‘எனக்கு மட்டும் ஒன்றுமே விழமாட்டேங்குது’ என்று புலம்பிய காலத்தில் நான் இந்த எண்ணைப் பார்த்திருந்தால் கொஞ்சம் வாயை மூடியிருப்பேன். புல்வெளியில்கூட மூன்றும் தவற 6.4 சதவீதம், அப்படி ஐம்பது தாக்குதல் நடத்தினால் மூன்று தடவை அது நடந்தே தீரும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். (மனசு அந்த மூன்றைத்தான் எண்ணி வைக்கும், மற்ற நாற்பத்தேழை விட்டுவிடும்.)

நான் வெஸ்நாத் பக்கம் சாய்ந்ததற்கு அந்தப் பட்டைகள்கூட முழுக் காரணம் இல்லை. ஒரு சண்டை கெட்டுப்போனால், கெடுத்தது நானா பகடையா என்று தெரிய வேண்டும். ஆரம்பக்காரனுக்கு இதைவிடப் பெரிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பகடைதான் என்றால் அதே திட்டத்தை அடுத்த முறையும் போடலாம். நான்தான் என்றால் திட்டத்தை மாற்ற வேண்டும். இரண்டும் பிரித்துத் தெரியாதவரை எத்தனை போர் ஆடினாலும் ஆரம்பித்த இடத்திலேயே நிற்போம். பான்சர் கார்ப்ஸில் நான் பல மாதம் அப்படித்தான் நின்றேன். நகரத்தில் டாங்கி அடி வாங்கினால் சேமித்து வைத்த ஆட்டத்தை ரீலோடு செய்வேன், திரும்ப விடுவேன், ஒரு தடவை நன்றாக அமைந்துவிடும், ‘பார்த்தியா, முதலில் நடந்தது துரதிர்ஷ்டம்’ என்று நகர்ந்துவிடுவேன். உண்மையில் அது தப்பான யூனிட்.

வெஸ்நாத்திலும் இதே தப்பைச் செய்தேன். இருட்டில் எலும்புக்கூடுகள் மேல் ஸ்பியர்மேன் நாலு பேரை வரிசையாக அனுப்பினேன். குத்துகள் பாதிக்கு மேல் விழுந்தன, ஆனால் எதிரியின் ஹெச்பி அசையவே இல்லை. சேதக் கணக்கைத் திறந்து பார்த்தால் என் 7 வெறும் 2 ஆகியிருந்தது. இரவுக்குக் கால் பங்கு போய்விட்டது, குத்தும் ஆயுதத்துக்கு எலும்புக்கூட்டின் எதிர்ப்பு 60 சதவீதம். இதில் பகடையைக் குறை சொல்ல வழியே இல்லை. அடுத்த முறை கதாயுதம் தூக்கிய ஹெவி இன்ஃபன்ட்ரியையும், நெருப்பு எறியும் மந்திரவாதியையும் கூட்டிப்போனேன். பொழுது விடியும்வரை காத்திருந்தேன்.

இதற்கு மேலே, மெனுவில் புள்ளிவிவரப் பக்கம் ஒன்று உண்டு. இதுவரை நீங்கள் கொடுத்த சேதம், வாங்கிய சேதம், கூடவே கணக்குப்படி எதிர்பார்க்க வேண்டியது எவ்வளவு என்பதையும் அது பக்கத்திலேயே போட்டுக் காட்டும். படுதோல்வி அடைந்த ஒரு ஆட்டத்துக்குப் பிறகு, ஆதாரம் தேடுகிற வக்கீல் மாதிரி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாகவே அடித்திருந்தேன். அன்றைக்குச் சேமித்த ஆட்டத்தை ரீலோடு செய்யவில்லை.

பான்சர் கார்ப்ஸுக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால், தாக்குதலின் வரிசையை அதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. முதலில் பீரங்கியால் அடித்து எதிரியை அடக்கு, ஒவ்வொரு தாக்குதலிலும் அவன் பதுங்குகுழி ஒரு படி குறையும், கடைசியில் காலாட்படையை விடு. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் மவுஸை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு எண்களும் நம் பக்கம் நகர்வது தெரியும். அந்தச் சுகம் வெஸ்நாத்தில் இல்லை. அங்கே பெரும்பாலும் சுற்றி வளைத்து, நல்ல தரையில் நின்று, நேரம் பார்த்து அடிப்பதுதான்.

இன்னும் கனமான கேம்களுக்குப் போனால் கணக்கு வேறு மாதிரி. 2010-இல் வந்த வார் இன் தி ஈஸ்ட்டில் தாக்குகிறவன் பலத்துக்கும் தற்காப்பவன் பலத்துக்கும் உள்ள விகிதம்தான் எல்லாம்; இறுதி விகிதம் 2-க்கு 1 வந்தால்தான் எதிரி பின்வாங்குவான். யூனிட்டின் அட்டையில் தெரியும் பலம் ஒன்று, கோட்டை, தளபதி என்று எல்லாம் சேர்ந்து கடைசியில் வரும் பலம் வேறொன்று. நான் அதில் சின்னக் காட்சிகளை (சினாரியோ, அதாவது தனித்தனிப் போர்கள்) தாண்டவில்லை, அதனால் என் பேச்சை அங்கே பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் முதல் கேமாக அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். எதிர்முனையில் இன்டு தி பிரீச் இருக்கிறது. எதிரி அடுத்து எங்கே அடிப்பான் என்பதையே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது, பகடை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அருமையான புதிர்தான், ஆனால் வாய்ப்பை எடைபோடும் பழக்கம் அதில் வராது.

வெஸ்நாத்தில் தொடங்குகிறவர்கள் பயிற்சி ஆட்டத்தை முடித்ததும் தி சவுத் கார்ட் தொடரை எடுங்கள், புதியவர்களுக்காகவே அமைத்தது. முதல் இரண்டு மூன்று காட்சிகளில் ஒவ்வொரு தாக்குதலுக்கும் சேதக் கணக்கைத் திறந்து பாருங்கள். ஒரு டர்ன் முடிய இருமடங்கு நேரம் ஆகும், சலிப்பாகவும் இருக்கும். எனக்கு மூன்றாவது காட்சியில்தான் பொத்தானை அழுத்தும் முன்பே மனசுக்குள் ஒரு எண் வர ஆரம்பித்தது. அது பத்துப் பதினைந்து சதவீதம் பிசகும். கிராமத்தில் நிற்கிறவன் விஷயத்தில் இன்னும் அதிகமாகவே பிசகுகிறது.