அடிப்பக்கமும் பச்சையாக இருந்தால் கவனம்: மீன்தொட்டிக்கு மண்ணுருவம் சுடக் கொடுத்து ஏமாந்த கதை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டில் மண்ணுருவம் செய்து, சூளை வைத்திருப்பவர்களிடம் சுடக் கொடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். அந்த உருவம் மீன்தொட்டிக்குள் போகப் போகிறது என்றால் கட்டாயம் வாசியுங்கள். 24,000 ரூபாயும், தொட்டியில் வளர்த்த முப்பது செரி இறாலும் (சின்ன அலங்கார இறால்) கொடுத்துப் படித்த பாடம் இது.

சுட்டுத் தந்தவரின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

நான் கல்லடியில் இருக்கிறேன். மூன்று வருடமாக மீன்தொட்டிக்குள் வைக்கிற உருவங்கள் செய்கிறேன். குகை, உடைந்த சாடி, பாலமீன்மடு வெளிச்சவீடு, வாயைத் திறந்தபடி இருக்கும் பாடுமீன். பாடுமீனுக்குத்தான் கேள்வி அதிகம். கப்பிக் குஞ்சுகள் வாய் வழியாக உள்ளே போய்ச் செவுள் வழியாக வெளியே வரும், பிள்ளைகள் தொட்டியை விட்டு எழும்ப மாட்டார்கள். கல்லடிப் பழைய பாலத்தையும் ஒருமுறை செய்து பார்த்தேன். 1924இல் திறந்த இரும்புப் பாலம். அந்தக் குறுக்குச் சட்டங்களை மண்ணில் எடுத்தால் காயும்போதே வெடித்துவிடுகிறது. கடைசியில் தூண்களை மட்டும் செய்து வைத்துக்கொண்டேன்.

முன்பு இங்கே தொட்டி அலங்காரம் என்றாலே முருகைக்கல்தான், அதாவது பவளப்பாறைக் கல். கடலில் அதை எடுப்பது சட்டப்படி குற்றம். அதோடு முருகைக்கல் முழுக்கச் சுண்ணாம்பு. நல்ல தண்ணீர் மீன் வளர்க்கும் தொட்டியில் போட்டால் தண்ணீர் கடினமாகிக்கொண்டே போகும். அதனால்தான் மண்ணுக்கும் கண்ணாடிக்கும் ஆட்கள் திரும்பினார்கள், எனக்கும் கையில் கொஞ்சம் காசு புழங்கியது.

வீட்டில் மின்சூளை இல்லை. வாங்கினாலும் கரண்ட் பில் கட்ட முடியாது. வழமையாகச் சுட்டுத் தரும் அண்ணன் வெளிநாடு போய்விட்டார். கல்முனைக் கடை ஒன்றுக்கு 14 உருவம் அவசரமாகத் தேவைப்பட்டது. 12 மண், 2 கண்ணாடி. பேஸ்புக்கில் பார்த்த ஒருவரிடம் கொடுத்தேன். பேசியது இதுதான்: ஸ்டோன்வெயார் மண் (அதிக சூட்டில் கல் மாதிரி இறுகும் மண்), முதலில் ஒரு சூடு, பிறகு கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சைப் பூசி கோன் 6, அதாவது கிட்டத்தட்ட 1220 பாகை செல்சியஸில் இரண்டாவது சூடு. கோன் என்பது சூளைக்குள் வைக்கும் சின்னக் கூம்பு, அதன் இலக்கத்துக்குரிய சூடு வந்தால் வளையும். வெட்டிய போத்தல் கண்ணாடியை உருக்கிப் பவளக்கொத்து போல இரண்டு துண்டு. மொத்தம் 24,000, பாதி முற்பணம். ‘தண்ணிக்குள்ள வைக்கிறது தம்பி, மீன் இருக்கும்’ என்று வட்ஸ்அப்பில் குரல்பதிவும் அனுப்பினேன். அந்தப் பதிவுதான் இன்றைக்கு என் கையில் இருக்கும் ஒரே நல்ல சாட்சி.

மூன்று கிழமை என்றார், ஒன்பது கிழமை எடுத்தது. ஒருமுறை கரண்ட் இல்லை, ஒருமுறை சூளைக் கம்பி எரிந்துவிட்டது, ஒருமுறை அம்மாவுக்குச் சுகமில்லை. சூளைக் கம்பி எரிவது நடக்கிறதுதான், நம்பினேன்.

பார்சல் வந்த அன்று பிரித்துப் பார்த்தபோது உண்மையில் சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். கரும்பச்சை, பளபளவென்று. பாடுமீனைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கமும் அதே பச்சை. ‘அடிவரைக்கும் பூசியிருக்கிறார், என்ன கவனம்’ என்று என் வீட்டுக்காரரிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். மிச்சம் 12,000 ரூபாயையும் அன்றைக்கே போட்டேன்.

மூன்று வருடம் இந்த வேலை செய்கிற எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியிருக்க வேண்டும். கிளேஸ் என்பது சூளைக்குள் உருகிக் கண்ணாடியாகிற பொருள். உருவத்தின் அடியிலும் அதைப் பூசி 1220 பாகைக்கு ஏற்றினால், உருகி, சூளைத் தட்டோடு ஒட்டிப்போகும். உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் அடியைத் துடைத்து வெறும் மண்ணாக விடுவார்கள். குறைந்த சூட்டில், கூரான முனைகளில் உருவத்தைத் தூக்கி நிறுத்தும் முள்ளுத்தாங்கி வைத்துச் சுடுகிறவர்களும் உண்டு, அப்படியென்றால் அடியில் மூன்று சின்னத் தழும்பாவது இருக்கும். என் பாடுமீனின் அடியில் ஒரு தழும்பும் இல்லை. நெருப்பையே காணாத பச்சை அது.

இன்னொன்றும் இருந்தது. செதிலுக்கு நான் கரண்டிக் காம்பால் வரி கீறுவேன். கிளேஸ் உருகும்போது அந்த வரிக்குள் வடிந்து தேங்கி அங்கே இருட்டாகத் தெரியும், மேடான விளிம்பில் மெலிந்து வெளிறும். இதில் பள்ளமும் மேடும் ஒரே நிறம், ஒரே தடிப்பு. செவுளோரம் நான் பதித்த பெருவிரல் ரேகை காணாமலே போயிருந்தது.

கடைக்கு அனுப்பும் முன் ஒன்றை என் மூன்றடித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது வழக்கம். அதற்கு முன்னால் வினாகிரியில் மூன்று நாள் ஊறவைத்தும் பார்ப்பேன். பச்சை கிளேஸில் பெரும்பாலும் செம்பு இருக்கும். சரியாக உருகாத கிளேஸில் இருந்து செம்பு கசிந்தால் இறாலும் நத்தையும்தான் முதலில் போகும். மீன் தாங்குகிற அளவைக்கூட அவை தாங்காது. இந்தத் தடவை கடைக்காரர் அவசரப்படுத்தினார் என்று வினாகிரியை விட்டுவிட்டு நேரே தொட்டியில் வைத்தேன். அது என் பிழை.

இரண்டாம் நாள் காலையில் நத்தைகள் எல்லாம் கண்ணாடியில் ஏறித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டு நின்றன. படம் எடுத்து, நான் மீன் வாங்கும் கடை அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே போன் எடுத்தார். “தங்கச்சி, புதுசா என்ன போட்ட நீ? நத்தை இப்பிடி ஏறினா தண்ணியில பிழை. முதல்ல அத வெளிய எடு, மறுகா தண்ணிய மாத்து.” நான் வேலைக்குப் போகும் அவசரத்தில் தண்ணீரை மட்டும் பாதி மாற்றிவிட்டு, உருவத்தைப் பின்னேரம் எடுக்கலாம் என்று போய்விட்டேன். பின்னேரம் வந்து பார்த்தபோது செரி இறால்கள் கல்லுக்கு மேல் வெளிறிக் கிடந்தன. நாலாம் நாள் இறால் ஒன்றும் மிஞ்சவில்லை. கப்பிகள் தப்பின. அந்தக் கிழமை தொட்டிக்குள் புதிதாகப் போனது அந்தப் பச்சை மீன் ஒன்றுதான்.

வெளியே எடுத்துக் கழுவியபோது வால் பக்கம் ஒரு கொப்புளம். நகத்தால் நெருடினேன். வெங்காயத் தோல் மாதிரி ஒரு நீளத்துக்கு உரிந்து வந்தது. உள்ளே செங்கல் நிறத்தில் ஈர மண். மகள் தன் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தந்தாள். ஒரு தேய்ப்பில் பஞ்சு முழுக்கப் பச்சை. உருகிய கிளேஸ் கண்ணாடி, அது இதற்கெல்லாம் கரையாது. கரைந்து வந்தால் அது பெயின்ட். நூறு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையைப் பார்சல் பிரித்த அன்றே செய்திருந்தால் மிச்சக் காசாவது கையில் நின்றிருக்கும்.

சரி, பெயின்ட்டுக்கு உள்ளே மண்ணாவது சுட்டிருக்கிறாரா? இன்னோர் உருவத்தின் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டுச் சமையல் தராசில் நிறுத்தேன். 412 கிராம். இரண்டு மணித்தியாலம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அப்படியே இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் துடைத்து மறுபடி நிறுத்தேன். 463. அதாவது 51 கிராம் தண்ணீர் குடித்திருக்கிறது, 12 வீதத்துக்கு மேல். கோன் 6 மண் அதற்குரிய சூட்டில் இறுகினால் இரண்டு, மூன்று வீதத்தைத் தாண்டாது. முதல் சூட்டோடு நிறுத்திவிட்டு, இரண்டாவது சூட்டுக்குப் பதிலாக ஸ்பிரே போத்தலை எடுத்திருக்கிறார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்கிற மண் என்பதற்காக அது மீனுக்கு நஞ்சில்லை. உடைந்த பூச்சட்டியைக் கவிழ்த்து வைத்தால் மீன் நிம்மதியாக அதற்குள் படுக்கும், நானே வைத்திருக்கிறேன். பெயின்ட் அடிக்காமல் வெறும் மண்ணாகவே தந்திருந்தால் எனக்குக் காசுதான் நட்டம், இறால் மிஞ்சியிருக்கும்.

கண்ணாடித் துண்டுகளின் கதை சுருக்கம். ஒன்று மேசையில் சும்மா இருந்தது, தண்ணீரே படவில்லை. பத்தாம் நாள் இரவு ‘டிக்’ என்று ஒரு சத்தம், காலையில் பார்த்தால் இரண்டு துண்டு. உருக்கிய கண்ணாடியை 500 பாகைக்கு மேலே ஒரு சூட்டில் நிறுத்திவைத்து, பிறகு மெதுமெதுவாக ஆறவிட வேண்டும். அவசரத்துக்குச் சூளையைத் திறந்தால் உள்ளே இறுக்கம் நின்றுவிடும், எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. இதையும் வீட்டிலேயே பார்க்கலாம். மடிக்கணினித் திரையை வெள்ளையாக வைத்து, வெயிலுக்குப் போடும் போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடியைத் திருப்பத் திருப்ப ஓரிடத்தில் திரை இருண்டுபோகும். அப்படியே பிடித்துக்கொண்டு, திரைக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் நடுவில் உருக்கிய துண்டை நீட்டினால், இறுக்கம் உள்ள இடம் வெளிச்சமாக, சில நேரம் வானவில் நிறத்தில் தெரியும். எஞ்சியிருந்த துண்டு தீபாவளி மாதிரித் தெரிந்தது. அதை மீன் இருக்கிற தொட்டிக்குள் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுட்டுத் தந்தவருக்குப் போன் எடுத்தேன். முதலில் நல்லாகத்தான் பேசினார்.

“அக்கா, செரமிக் எண்டா இப்பிடித்தான். தண்ணிக்குள்ள போடுறதெண்டு நீங்க சொல்லல்லையே.”

“தம்பி, குரல்பதிவு இருக்கு. போட்டுக் காட்டவா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அனுப்புங்க அக்கா, மேலால கிளியர் லக்கர் ஒண்டு அடிச்சித் தாறன், ஒண்டும் உரியாது.”

பெயின்ட்டுக்கு மேல் லக்கர்! காசைத் திருப்பித் தாருங்கள் என்றேன். பார்ப்போம் என்றார். அதற்குப் பிறகு அந்த இலக்கம் எனக்கு வேலை செய்யவில்லை. என் வீட்டுக்காரரின் போனில் எடுத்தால் மணி அடிக்கிறது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977க்கு எடுத்தால் விபரம் சொல்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளோ சேவையோ கிடைத்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். அவர் ‘பார்ப்போம், பார்ப்போம்’ என்று இழுத்தது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. ரசீது கேட்டார்கள். என்னிடம் இருந்தது கொப்பியில் கிழித்த ஒரு தாள், ‘மண் வேலை 14, முழுக் காசும் கிடைத்தது’ என்று. எத்தனை பாகை, கிளேஸா பெயின்ட்டா, எதற்கு வைக்கும் பொருள், ஒன்றுமே அதில் இல்லை. வங்கிச் சீட்டையும் குரல்பதிவையும் உரிந்த தோலையும் சேர்த்துக் கொடுத்தேன். இதே மாதிரிக் கரும்பச்சை உருவம் கிழக்கில் வேறு யாருக்காவது வந்திருந்தால், தண்ணீரில் போடாமல் படத்தையும் பில்லையும் வைத்துக்கொண்டு நீங்களும் எழுதிக் கொடுங்கள். ஒருவர் கொடுப்பதற்கும் நாலு பேர் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கல்முனைக் கடைக்காரரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். கோபித்தார், பிறகு பொறுத்துக்கொண்டார். இப்போது வேறோர் இடத்தில் சுடக் கொடுக்கிறேன். என் உருவத்துக்குப் பக்கத்திலேயே கோன் ஒன்றை வைத்துச் சுட்டு, வளைந்த கோனையும் சேர்த்துத் தர வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் மிச்சக் காசு என்று முதலே பேசிக்கொண்டேன். முகம் சுளிக்கவில்லை. முதல் பாடுமீன் போன கிழமை வந்தது. அடி வெறும் மண். 396 கிராம் நின்றது, கொதிக்கவிட்ட பிறகு 402. தொட்டியில் போட இன்னும் மனம் வரவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் வைத்து, மிஞ்சின நத்தைகளில் ஒன்றை விட்டிருக்கிறேன். இன்றைக்கு ஏழாம் நாள். நத்தை அடியில்தான் ஊர்கிறது.