கார்பெட்டில் நாய் மூத்திரம்: வினிகரா, என்சைமா, சலவைக் கடையா?

எங்கள் மணி குட்டியாக வந்த முதல் மூன்று மாதத்தில் ஹால் கார்பெட்டின் ஒரு மூலைக்குத் தன் பேரில் பட்டா போட்டுக்கொண்டான். ஆறடிக்கு நாலடி, கம்பளி. தூக்கிப் போட மனசு வரவில்லை. மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன். பினாயில் பாட்டிலோடு அம்மா வந்து நின்றதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஊறின இடத்தை நாய் நக்கும், அது அதன் உடம்புக்கு ஆகாது.

ஈரம் காய்வதற்குள் பார்த்துவிட்டால் வினிகரே போதும். முதலில் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பரவும். அப்புறம் நிறமில்லாத வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றி, பத்து நிமிடம் கழித்து ஒற்றி எடுங்கள். காய்ந்ததும் ஆப்ப சோடாவைத் தூவி, மறுநாள் காலை வாக்குவம் போட்டால் சரி. இரண்டையும் ஒன்றாகக் கலப்பவர்கள் உண்டு. நுரை பொங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ள, மிஞ்சுவது உப்புத் தண்ணீர்.

நானும் இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஐப்பசி மழை வந்தது, ஜன்னலைச் சாத்தினோம், நாற்றம் திரும்ப வந்துவிட்டது.

கார்பெட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்த கறை, அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்தது. மூத்திரம் இழை வழியே இறங்கி அடித்துணியில் பரவிவிடுகிறது. அதிலுள்ள யூரியாவை பாக்டீரியா உடைப்பதால் அமோனியா வருகிறது. வினிகர் அந்த அமோனியாவை அடக்குமே தவிர, அடியில் காய்ந்து கிடக்கும் மிச்சத்தை எடுப்பதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் அது மறுபடி நசநசத்து மணக்கும். நமக்கு நாற்றம் போய்விட்டது என்று தோன்றினாலும் மணியின் மூக்கை ஏமாற்ற முடியாது. நேராக அதே மூலைக்குத்தான் போனான்.

அதனால் என் ஓட்டு, அந்த மிச்சத்தையே உடைத்துத் தீர்க்கும் என்சைம் கிளீனருக்கு. அரை லிட்டர் ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கம் ஆனது. முதல் தடவை சென்ட் அடிப்பது போல மேலாக அடித்துவிட்டு, பணம் வீண் என்று திட்டினேன். தப்பு என்னுடையது. மூத்திரம் போன ஆழத்துக்கு மருந்தும் போக வேண்டும். அடுத்த தடவை வினிகர் மிச்சம் போக வெறும் தண்ணீரில் அலசி ஒற்றினேன் (வினிகரோ டெட்டாலோ இருந்தால் என்சைம் வேலை செய்யாமல் போகலாம்). பிறகு முன்னும் பின்னும் சொட்டச் சொட்ட ஊற்றி, காயாமல் இருக்க பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, ராத்திரி முழுக்க விட்டேன். மறுநாள் நாற்றம் கூடத்தான் செய்தது. நிழலில் இரண்டு நாள் காயப்போட்டு, இன்னொரு சுற்றும் ஊற்றிய பிறகுதான் அடங்கியது. அடுத்த மழைக்கு எதுவும் வரவில்லை.

விளம்பரங்களில் யூரிக் அமிலத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். பெரும்பாலான நாய்களின் உடம்பு அதை, தண்ணீரில் இன்னும் சுலபமாகக் கரையும் அலண்டாயினாக மாற்றிவிடும், டால்மேஷன் போன்ற சில இனங்கள்தான் விதிவிலக்கு. அந்தச் சொல்லுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அதற்குப் பதில் ஒரு யூவி டார்ச் வாங்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு அடித்தால் பழைய கறை மங்கலாக ஒளிரும். சோபா கால் பக்கம் எனக்குத் தெரியாமலே இன்னும் இரண்டு இடம் இருந்தது.

சலவைக் கடைக்கு ஒரே ஒரு முறைதான் கொடுத்தேன், அதை வைத்து எல்லாக் கடையையும் எடைபோட மாட்டேன். நீராவி வைத்து, வாசனை அடித்துத் தந்தார்கள். சூடு பட்டால் கறை இழையோடு பிடித்துக்கொள்ளும். கொடுப்பதானால் அது நாய் மூத்திரம் என்று வெட்கப்படாமல் சொல்லி, குளிர்ந்த தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். தூக்க முடியாத பெரிய கார்பெட்டுக்கு வேறு வழியும் இல்லை. உங்கள் வீட்டில் இருப்பது பவானி ஜமக்காளம் என்றால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம்: பக்கெட்டில் ஊறவைத்து அலசி மொட்டை மாடியில் போடுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நாற்றம் போனதே தவிர, சாயம் வெளுத்த இடத்தில் மஞ்சள் தடம் லேசாக இருக்கிறது. இப்போது அதன் மேல் டீப்பாய் நிற்கிறது.