5400ஆ, 7200ஆ, எஸ்.எஸ்.டி.யா: எதில் சார்ஜ் கூட நேரம் நிற்கும்?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பாவித்த லப்டொப் பார்க்கப் போனால், "ஹாட் டிஸ்க் 7200 எண்டால் வேகம், ஆனால் பற்றரியைத் தின்னும், 5400 எண்டால் சார்ஜ் நிக்கும்" என்று சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்குப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுப்பது நல்லது.

அந்த எண்கள், ஹாட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு எத்தனை தரம் சுற்றுகிறது என்பதைச் சொல்கின்றன. சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்போது 5400 சுமார் 0.7 வாட் எடுக்கும், 7200 சுமார் 1 வாட். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். வாசிக்கும்போதும் எழுதும்போதும் இரண்டும் 2 வாட் அளவில்தான் நிற்கின்றன. ஆக, வித்தியாசம் 0.3 வாட். தட்டச்சு மாதிரி லேசான வேலைக்கு முழு லப்டொப்பும் 10 வாட் எடுக்கிறது, பற்றரி 40 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். நாலு மணிநேரத்தில் 7200ஆல் குறைவது ஏழு நிமிடம். பாதி செத்த பழைய பற்றரியில் மூன்று, நாலு நிமிடம். பெரிய கோப்புகளைத் திறக்கும் வேலையில் 7200 சீக்கிரம் முடித்துவிடுவதால் அதுவும் சுருங்கும். இந்த இரண்டுக்கும் இடையில் மண்டையை உடைக்கவே தேவையில்லை. ஒரே விலையென்றால் 5400 எடுங்கள், சூடு குறைவு. சித்திரை வெயிலில் அது உதவும்.

எஸ்.எஸ்.டி. வேறு கதை. அதில் சுற்றும் தட்டே இல்லை, எல்லாம் சிப்பில்தான் சேமிக்கப்படும். சும்மா இருக்கும்போது 0.1 வாட்டுக்கும் குறைவாக எடுப்பவை நிறைய. அதே கணக்கில் 5400ஐ விடப் பதினைந்து நிமிடம் கூட நிற்கும். மணிக்கணக்கில் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிய லாபம் காத்திருக்கும் நேரத்தில் இருக்கிறது. பழைய மெஷினில் ஹாட் டிஸ்க்கோடு விண்டோஸ் 10 எழும்பி வேலைக்கு வரச் சில நிமிடங்கள் போகும். அவ்வளவு நேரமும் திரையும் புரொசஸரும் சார்ஜைக் குடித்தபடியே இருக்கும். எஸ்.எஸ்.டி.யில் அது அரை நிமிடத்தில் முடிகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் நிறுத்தினார்களே, அந்த நாட்களில் படித்த பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நிமிடத்தின் அருமையும் தெரியும். அப்புறம், ஒட்டுசுட்டான் பக்கம் குண்டும் குழியுமான பாதையில் பஸ்சுக்குள் லப்டொப்பைத் திறந்து வைத்தால், சுற்றும் தட்டுக்கு மேல் மயிரிழையிலும் குறைந்த இடைவெளியில் மிதக்கும், வாசித்து எழுதும் ஹெட் தட்டில் இடித்துவிடலாம். எஸ்.எஸ்.டி.யில் அந்தப் பயம் இல்லை.

என்விஎம்இ எனப்படும், இன்னும் வேகமான எஸ்.எஸ்.டி. வகை? பழைய லப்டொப் பலவற்றில் அதைப் போட இடமே இல்லை. இடம் இருந்தாலும், பெரிய கோப்பு நகல் எடுக்கையில் 5 வாட்டும் தாண்டும். ஹாட் டிஸ்க் இருந்த இடத்திலேயே பொருந்தும் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. தாராளம்.

ஹாட் டிஸ்க்கோடேயே ஓட்டப்போகிறவர்கள், அது ஒரு நிமிடத்தில் தூங்கும்படி செட்டிங் வைக்காதீர்கள். திரும்ப எழும்பிச் சுற்றத் தொடங்கும் சில விநாடிகளுக்கு 5 வாட் அளவுக்கு இழுக்கும். அடிக்கடி எழும்பினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். ஐந்து, பத்து நிமிடம் சரி. முழு வெளிச்சத்தில் இருக்கும் திரையைப் பாதியாகக் குறைத்தால் 1 வாட்டுக்கு மேல் மிச்சம், அதாவது 5400, 7200 சண்டையின் மூன்று மடங்கு.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால், பற்றரி ஒரு மணிநேரமும் தாங்காத நிலையில் முதலில் பற்றரியை மாற்றுங்கள். தாங்குமென்றால் 240 ஜீபி எஸ்.எஸ்.டி. போடுங்கள். கழற்றிய ஹாட் டிஸ்க்கை ஒரு கேஸில் போட்டுப் படங்கள் சேமிக்க வைத்திருக்கலாம். கரண்ட் இல்லாத நேரம் அதை யூஎஸ்பியில் குத்தியபடி விடாதீர்கள், அதுவும் இதே பற்றரியில்தான் ஓடும்.