ஒழுகும் பின் ஷாக்கை யாரிடம் கொடுப்பது?

பைக்கைக் கழுவித் துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. பின் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக்கின் ராடில் (உள்ளே போய் வரும் கம்பியில்), அது முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைச் சுற்றி, தூசியும் எண்ணெயும் குழைந்து கருஞ்சேறாக அப்பியிருந்தது. விரலால் வழித்துப் பார்த்தேன். செயினுக்கு அடிக்கும் எண்ணெய் போலப் பிசுபிசுக்கவில்லை. தண்ணீர் மாதிரி வழுக்கியது. பைக்கோடு வந்த ஷாக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஆசை ஆசையாக வாங்கிப் போட்ட ஷாக் அது. கடைசியில் அதை இரண்டு முறை பிரிக்க வேண்டியதாயிற்று. முதல் முறை கொடுத்த இடம் சரியில்லை. யாரிடம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதை அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

எங்கே கொடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், ஒழுகுவது டேம்பர்தானா, அதாவது ஷாக்கில் எண்ணெயும் கேஸும் அடைத்த உருளைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ராடில் மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு இருப்பது இயல்பு. எண்ணெயை உள்ளே நிறுத்தும் சீல் என்ற வளையம் வழுக்கி ஓட அது வேண்டும். சொட்டாகத் திரண்டாலோ, துடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்ததும் மறுபடி ஈரமாக இருந்தாலோ அது லீக். குமிழைத் திருகி பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டி அழுத்தி வைக்கும் அளவை) கூட்டும் ஹைட்ராலிக் அட்ஜஸ்டர் உள்ள ஷாக் என்றால் அந்தக் குழாய் இணைப்பையும் பாருங்கள். அது டேம்பரோடு சேராத தனி எண்ணெய்ச் சுற்று. அங்கே கசிந்து கீழே வழிந்தாலும் ஷாக்கே போய்விட்டது போலத்தான் தெரியும். பல நேரம் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்றினாலே தீர்ந்துவிடும். டேம்பர்தான் ஒழுகுகிறது என்றால் பைக்கை நிறுத்திவிடுங்கள். எண்ணெய் பின் டயருக்கோ டிஸ்க்குக்கோ போக வெகுதூரம் இல்லை.

நான் முதலில் போனது வழக்கமாக பைக் விடும் மெக்கானிக்கிடம். நல்ல மனிதர், இன்ஜின் வேலையில் கை சுத்தம். அளவு பார்த்து ஒரு சீல் வாங்கிப் போட்டார், முன் சக்கர ஃபோர்க்குக்கான ஆயிலை ஊற்றினார், உள்ளே ஏற்ற வேண்டிய நைட்ரஜன் இல்லாததால் கம்ப்ரஸர் காற்றையே ஏற்றிக் கொடுத்தார். ஒரே நாளில் வேலை முடிந்தது, செலவும் குறைவு. மூன்றே வாரத்தில் அதே இடத்தில் அதே கருஞ்சேறு.

காரணம் பிறகுதான் புரிந்தது. சீல் தானாகவும் தேயலாம். ஆனால் பல நேரம் அதை வேறொன்று கிழிக்கிறது. ராடின் குரோம் பூச்சில் கல் தெறித்தோ துரு பிடித்தோ ஒரு புள்ளி பள்ளம் விழுந்தால் போதும். ராடு உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தின் விளிம்பு சீலின் உதட்டைச் சுரண்டும். இன்னொரு காரணம் சீல் ஹெட்டுக்குள், அதாவது சீல் உட்காரும் மூடிக்குள், ராடைத் தாங்கும் புஷ் என்ற வளையம். அதன் டெஃப்லான் பூச்சு ஒரு பக்கம் தேய்ந்தால் ராடு நடுவில் நிற்காமல் சாய்ந்து ஓடும்; சீல் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் விலகும். இவை இரண்டையும் பார்க்காமல் சீல் மட்டும் மாற்றினால் புது சீலும் பழைய சீல் போன வழியிலேயே போகும். எனவே விலையைக் கேட்பதற்கு முன்னால், ‘ராடையும் புஷ்ஷையும் அளந்து பார்ப்பீர்களா?’ என்று கேளுங்கள். நான் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுப்பது இப்போது அந்தப் பதிலை வைத்துத்தான்.

தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவே வரும். உங்கள் மாடலுக்கு என்ன எண்ணெய், உள்ளே எண்ணெயையும் கேஸையும் பிரித்து மிதக்கும் பிஸ்டன் எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டும், கேஸ் அழுத்தம் எத்தனை பார் என்பதெல்லாம் அவர்களிடம் எழுத்தில் இருக்கும். வாரண்டி மிச்சமிருந்தால் வேறு இடம் தேடவே வேண்டாம். வெளியாள் திறந்தால் வாரண்டி போய்விடும். ஆனால் இந்த வழி பிராண்டைப் பொறுத்தது. 1976-இல் ஸ்வீடனில் தொடங்கிய ஓலின்ஸ் போன்றவர்கள் ஷாக்கைப் பிரித்துப் பழுது பார்க்கும்படியே வடிவமைக்கிறார்கள். சீல் ஹெட், ராடு, புஷ் எல்லாவற்றுக்கும் தனித்தனி பார்ட் நம்பர் உண்டு. விலை குறைந்த சில ஷாக்குகளில் உடலின் வாயை மடித்தே மூடியிருப்பார்கள். அங்கே சர்வீஸ் என்றால் மொத்தமாக மாற்றுவதுதான். இன்னொரு குறை காத்திருப்பு. பார்சலில் போய், வரிசையில் நின்று, பாகம் வந்து சேர்ந்து திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை பைக் அசையாது. பைக்கோடு வந்த பழைய ஷாக்கை விற்காமல் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அதற்காகவே அதைப் பரணில் போட்டு வையுங்கள்.

இரண்டாம் முறை நான் போனது சஸ்பென்ஷன் வேலை மட்டுமே செய்யும் தனிப் பட்டறைக்கு. ஸ்பிரிங்கை இறக்கி, கேஸை வெளியேற்றி, ராடை உருவி என் கையில் கொடுத்து, “நகத்தை வெச்சு மெதுவா இழுத்துப் பாருங்க சார்” என்றார். கண்ணுக்குத் தெரியாத ஒரு இடத்தில் நகம் தட்டியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. புஷ்ஷை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார்: ஒரு பக்கம் சாம்பல் நிறம், மறுபக்கம் பூச்சு முழுக்கப் போய் வெண்கலம் மின்னியது. வடித்த எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. ராடு வளையவில்லை என்பதை டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்த்த பிறகே மறுபடி ஹார்ட் குரோம் ஏற்றித் தேய்க்க அனுப்பினார். எண்ணெயை வெற்றிட இயந்திரத்தில் நிரப்பினார்; ஒரு குமிழி உள்ளே தங்கினாலும் டேம்பிங் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது) விட்டுவிட்டு வேலை செய்யும் என்றார். முதல் பட்டறையை விடச் செலவு பல மடங்கு. ஆனால் என் எடையைக் கேட்டு ஷாக் திரும்ப விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரிபவுண்ட் ஷிம் தகடுகளையும் மாற்றித் தந்தார். சர்வீஸ் சென்டர் பொதுவாகப் பழைய நிலைக்கே கொண்டுவரும், அதைத் தாண்டிப் போகாது.

இந்த வழியின் ஆபத்தும் சொல்ல வேண்டும். ‘சஸ்பென்ஷன் ஸ்பெஷலிஸ்ட்’ என்று போர்டு மாட்ட யாரும் தடுக்கப்போவதில்லை. உங்கள் பிராண்டை முன்பு பிரித்திருக்கிறாரா, நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் சொந்தமாக இருக்கிறதா, பழைய பாகங்களைத் திருப்பித் தருவாரா என்று கேளுங்கள். எண்ணெய் என்ன என்று கேட்டு ‘5 வெயிட்’ என்று மட்டும் சொன்னால் போதாது. அந்த எண்ணுக்குப் பொதுத் தரம் இல்லை. ஒரு கம்பெனியின் 5 இன்னொன்றின் 7.5-க்குச் சமமாக இருக்கலாம். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (எண்ணெயின் பாகுத்தன்மையை அளக்கும் அலகு) என்று சொல்பவர் விஷயம் தெரிந்தவர்.

நீங்களே செய்வது? ஃபோர்க் சீல் மாற்றிய கை என்றால் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஷாக்கைக் கழற்றி, துடைத்து, கொண்டுபோய்க் கொடுப்பது வரை தாராளமாகச் செய்யலாம், கூலியும் மிச்சம். திறப்பது வேறு. உள்ளே சாதாரணமாக 10 முதல் 14 பார் வரை கேஸ் அழுத்தம் இருக்கும். அதை முழுக்க இறக்காமல் சீல் ஹெட்டைப் பிடித்திருக்கும் சர்க்லிப் வளையத்தைத் தொட்டால் அந்த ஹெட் முகத்தை நோக்கித்தான் வரும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி நழுவினாலும் அதே கதி. எல்லாம் சரியாகச் செய்தாலும் நைட்ரஜனுக்கு ஒருவரிடம் போகத்தான் வேண்டும். சும்மா அழுத்தம் பார்க்கலாம் என்று வால்வில் டயர் கேஜையும் வைக்காதீர்கள். உள்ளிருக்கும் இடம் அவ்வளவு சிறியது. கேஜ் நிரம்புவதிலேயே அழுத்தத்தில் பெரும்பங்கு போய்விடும். நைட்ரஜனுக்குப் பதில் கம்ப்ரஸர் காற்றை ஏற்றினால் கூடவே ஈரம் வரும். உள்ளே துரு பிடிக்கும், சூட்டில் அழுத்தமும் கூடுதலாக மாறும். ஆக்சிஜனை எக்காரணம் கொண்டும் ஏற்றக்கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

புதிதாக வாங்குவதை நான் இரண்டே நிலையில் ஒப்புக்கொள்வேன்: டேம்பர் உடலின் உள்சுவர் கீறியிருந்தால், அல்லது பாகமே கிடைக்காத மாடலாக இருந்தால்.

யாரிடம் கொடுத்தாலும், கழற்றும் முன் டேம்பிங் திருகியின் க்ளிக்குகளை முழுக்க மூடிய நிலையிலிருந்து எண்ணிக் குறித்து வையுங்கள். பிரீலோட் வளையத்துக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் மரை தெரிகிறது என்றும் அளந்துவிடுங்கள். திரும்பி வந்ததும் அதே எண்ணில் தொடங்கி, ஆள் உட்கார்ந்த நிலையில் பின்பக்கம் மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்குகிறதா என்று பாருங்கள். நான் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ராடை வெள்ளைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்துப் பார்த்தேன். துணியில் தூசிக் கோடு ஒன்று விழுந்தது, அவ்வளவுதான்.