முழு உயர எலும்புக்கூடு மாதிரி: முதுகுக்கு வாங்கலாம், தோளுக்கு வேண்டாம்

என் பிசியோதெரபி கிளினிக்கில் வைக்க 170 செ.மீ. உயர பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். விலை 8,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். வலியோடு வருகிறவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தொட்டுக் காட்டவேண்டும், அதுதான் எனக்குத் தேவை. அழகுக்கு நிறுத்திவைக்கிற பொருளாக இதை நான் பார்க்கவில்லை.

முதுகெலும்பு அருமை. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று முள்ளெலும்புகளை வளைகிற கம்பியில் தனித்தனியாகக் கோத்திருக்கிறார்கள். இடையில் டிஸ்க், பக்கவாட்டில் நரம்பு எல்லாம் உண்டு. இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதைச் சிவப்பு நிறத்தில் காட்டியிருக்கிறார்கள். இடத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். டிஸ்க் பிதுங்குவது பெரும்பாலும் அங்கேயோ அதற்கு அடுத்த கீழ்த்தட்டிலோதான். "கோளாறு முதுகுலன்னு சொல்றீங்க, கால் ஏம்மா மரத்துப் போகுது?" என்று கேட்ட கொத்தனார் அண்ணனுக்கு அந்தச் சிவப்பு மேட்டில் விரலை வைத்து, நரம்பு பிட்டம் வழியாகப் பாதம்வரை போகும் பாதையைக் காட்டினேன். சட்டென்று புரிந்துகொண்டார். எம்ஆர்ஐ படத்தை விளக்கில் பிடித்துக்கொண்டு எவ்வளவு பேசினாலும் இது வராது.

இடுப்பு மூட்டும் நன்றாக இருக்கிறது. தொடை எலும்பின் உருண்டைத் தலை ஆழமான குழிக்குள் போய் உட்காருவது தெளிவாகத் தெரிகிறது. காலை எல்லாப் பக்கமும் சுழற்றலாம்.

தோள்பட்டைதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். கையைத் தலைக்கு மேல் தூக்கும் 180 டிகிரி அசைவில் ஏறக்குறைய 120 தோள் மூட்டில் நடக்கிறது. மீதி 60, முதுகுப்புறத் தட்டை எலும்பு விலாவின் மேல் வழுக்கித் திரும்புவதால் வருவது. அந்தத் தட்டை எலும்புக்கும் விலாவுக்கும் நடுவே பூட்டு எதுவும் இல்லை. தசைகள்தான் பிடித்து வைத்திருக்கின்றன. கை முழுவதும் உடம்போடு எலும்பு வழியாகச் சேர்வது காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடும் ஒரே இடத்தில்தான். இந்த மாதிரியில் தட்டை எலும்பை விலாவோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டார்கள்! கையைத் தூக்கினால் பாதியில் நிற்கிறது. என்னிடம் வரும் சர்க்கரை நோயாளிகளில் பலருக்குத் தோள் இறுக்கம். மூட்டு அசையாததால் அவர்கள் தோளையே காதுவரை உயர்த்திக் கையைத் தூக்கப் பார்ப்பார்கள். அது ஏன் என்று இதை வைத்துக் காட்டவே முடியாது. நான் அந்த ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு எலாஸ்டிக் கட்டியிருக்கிறேன். இப்போது பரவாயில்லை.

முழங்கால் சுமார். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் ஒரே போல்ட்டில் மாட்டியிருக்கிறார்கள். மடங்கும், நீளும், அவ்வளவுதான். நிஜத்தில் காலை முழுக்க நீட்டும் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் எலும்பு கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பி மூட்டைப் பூட்டிக்கொள்கிறது. நாம் தசையை அதிகம் இறுக்காமல் நின்றுகொண்டிருக்க முடிவது இதனால்தான். மூட்டுக்குள் இருக்கும் இரண்டு பிறை வடிவ ஜவ்வுகளும் இதில் இல்லை. "தேஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே, எது தேஞ்சது?" என்று கேட்கிற பாட்டிகளுக்கு எலும்பு முனையை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பைக் காட்டவேண்டும். அதுவும் இல்லை. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது, அதனால்தான் தேய்ந்தால் எளிதில் வளராது என்பதை நான் வாயால்தான் சொல்கிறேன்.

முன்கையும் அப்படித்தான். உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது ஓர் எலும்பு இன்னொன்றைக் குறுக்கே தாண்டிப் போகவேண்டும். இதில் இரண்டையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். மண்டையோட்டின் மேல்மூடி கழல்கிறது, தாடை ஸ்பிரிங்கில் அசைகிறது. நல்ல வேலைப்பாடு, ஆனால் எனக்கு அதிகம் பயன்படவில்லை.

ஸ்டாண்டின் சக்கரங்களில் ஒன்று உடைந்தே வந்தது. விற்றவர்களிடம் சொன்னேன், வேறு அனுப்பினார்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் முதுகுவலி அதிகம் பார்க்கிற கிளினிக்குக்கும் தாராளமாக வாங்கலாம். முழங்காலும் தோளும் முக்கியம் என்றால் இதே பணத்தில் ஜவ்வும் தசைநாரும் சேர்ந்த தனி மூட்டு மாதிரிகளாகப் பாருங்கள். நான் அடுத்து வாங்கப்போவது முழங்கால்.