ஸ்பீக்கருக்கு எட்டாத முதல் தந்தி

கிட்டாரில் கேபிளைச் சொருகாமல் வாசித்தால் ஆறு தந்திகளும் ஒழுங்காகப் பேசின. சொருகியதும் இருப்பதிலேயே மெல்லிய முதல் தந்தி மட்டும் வாய்க்குள் முணுமுணுத்தது. என் எலெக்ட்ரோ அகூஸ்டிக் கிட்டாரோடு, அதாவது அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை உள்ளேயே வைத்த மரக் கிட்டாரோடு, பல மாதங்களாக நடந்த சண்டை இதுதான். இப்போதுதான் பழுது பார்த்துத் திரும்பி வந்திருக்கிறது. வந்த கையோடு நண்பர் ஒருவர், "சாதாரண அகூஸ்டிக் வாங்கலாமா, பிக்கப் வைத்ததாகவே வாங்கிவிடலாமா?" என்று கேட்டார். ஆறாத கோபத்தில் இருப்பவனிடம் கேட்டால் பதிலும் அப்படித்தான் இருக்கும்.

உடல் என்ன அளவு, என்ன மரம், கட்அவே உண்டா இல்லையா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை எல்லா விளம்பரத்திலும் இருக்கின்றன. எந்த விளம்பரத்திலும் இல்லாதது சாடிலின் அடிப்பக்கம். கிட்டாரின் முகத்தில் தந்திகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜின் மேல், தந்திகள் ஏறி இறங்கும் மெல்லிய வெள்ளைப் பட்டைதான் சாடில். பெரும்பாலான எலெக்ட்ரோ அகூஸ்டிக் கிட்டார்களில் அந்தப் பட்டைக்குக் கீழே, பள்ளத்துக்குள், ஒரு பீசோ பிக்கப் படுத்திருக்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது என்று ழாக் கியூரியும் பியர் கியூரியும் 1880இல் கண்டறிந்தார்களே, அதே விளைவுதான். தந்தி அதிர்கிறது, சாடில் அழுத்துகிறது, பீசோ அந்த அழுத்தத்தை மின்சாரமாக்கி, அதைப் பெருக்கும் பிரீஆம்புக்கு அனுப்புகிறது. காற்றில் மிதந்து வரும் ஒலியைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. சாடிலின் அடிப்பக்கம் ஓரிடத்தில் மயிரிழை தூக்கியிருந்தால் போதும், அந்த இடத்துத் தந்தி இருப்பதையே அது பாதி மறந்துவிடும்.

என் கிட்டாரில் நடந்ததும் அதுவே. தந்திகள் கழுத்தில் பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளிலிருந்து சற்று உயரமாக இருப்பதாகத் தோன்றியதால் ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் சாடிலை உருவி, அடிப்பக்கத்தைத் தேய்த்து, உயரத்தைக் குறைத்துத் தந்தார். விரலுக்கு மிகவும் இதமாகிவிட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாடிலை வெறும் கையில் பிடித்து உப்புத்தாளில் தேய்க்கும்போது அது கொஞ்சம் ஆடும். ஆடினால் இரண்டு முனைகளும் உருண்டுபோகும். நடுவில் இருக்கும் தந்திகள் தப்பித்துக்கொள்ளும், ஓரத்தில் இருப்பவை மாட்டிக்கொள்ளும். ஆறாவது தந்தி தடிமனானது, எப்படியோ சமாளித்தது. முதல் தந்திக்கு அந்தத் திராணி இல்லை. நான் வாசிக்கும் மெட்டுகளில் பாதி அந்தத் தந்தியில்தான் ஓடுகிறது என்பது தனி வயிற்றெரிச்சல்.

பிறகு கிடைத்த ஆலோசனைகள் இருக்கின்றனவே! தந்தியை மாற்றுங்கள் என்றார்கள், மாற்றினேன். பேட்டரியை மாற்றுங்கள் என்றார்கள், அதையும் மாற்றினேன். ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலியை, கூட்டுங்கள் என்றார் ஒருவர். கூட்டினால் முதல் தந்தி வரவில்லை. மற்ற ஐந்திலும், தந்தியைச் சுண்டும் வில்லையான பிளெக்ட்ரம் உரசும் சத்தம்தான் வந்தது. கடைசியாக இன்னொருவர் சாடிலை வெளியே எடுத்து, ஒரு நேர்ச்சட்டத்தின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே காட்டினார். இரு முனைகளிலும் ஒளிக்கீற்று. பள்ளத்துக்குள் மரத்தூள் வேறு. அவர் எலும்பில் புதுச் சாடில் செய்தார். அதன் அடியைக் கண்ணாடித் தட்டில் ஒட்டிய உப்புத்தாளில், பக்கவாட்டில் அண்டை கொடுத்து, ஆடாமல் தேய்த்தார். முதல் தந்தி திரும்பி வந்துவிட்டது. ஆனால் நான்தான் பழைய ஆளாகத் திரும்பவில்லை. இப்போதும் கேபிளைச் சொருகியதும் முதலில் அதைத்தான் சுண்டிப் பார்க்கிறேன்.

இதே தேய்ப்பு வேலை பிக்கப் இல்லாத கிட்டாரில் நடந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். பிக்கப் வைத்த கிட்டார் என்பது சாதாரண கிட்டாரோடு கூடுதலாக ஒரு வசதி அல்ல. சாதாரண கிட்டாரில் பொறுத்துப்போகிற சின்னச் சின்னக் குறைகளை அது பொறுத்துப்போகாது.

நியாயத்துக்கு நல்லதையும் சொல்லிவிடுகிறேன். டிரம்ஸும் கீபோர்டும் இருக்கும் குழுவில் வெறும் அகூஸ்டிக்கை மைக் முன்னால் வைத்து வாசித்தவர்களுக்கு அந்தத் தண்டனை தெரியும். நாற்காலியில் இம்மி நகர்ந்தால் ஒலி மாறும். மைக்கின் ஒலியைக் கூட்டினால் பக்கத்து டிரம்ஸும் சேர்ந்து உள்ளே வரும். இந்தக் கிட்டாரில் அந்தத் தொல்லை இல்லை. எழுந்து நிற்கலாம், பாடகர் பக்கம் திரும்பலாம், நடக்கலாம். கிட்டாரிலேயே பொருத்தியிருக்கும், சுருதி காட்டும் ட்யூனர்மீது எனக்கு ஆரம்பத்தில் மரியாதையே கிடையாது. ஆனால் அது தந்தியின் அதிர்வை நேராகப் பிக்கப்பிலிருந்து எடுப்பதால், சுற்றிலும் எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கும் இரைச்சலிலும் சுருதி சேர்த்துவிடலாம். ஒலியை அடக்கிவிட்டுச் சேர்த்தால் அரங்கத்துக்கும் கேட்காது. நான் எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் இது ஒன்றுதான். இதற்காகவே இந்தக் கிட்டாரைப் பல நாள் மன்னித்திருக்கிறேன்.

ஆனால் ஒலி? மெதுவாக விரலால் வாசிக்கும்வரை அழகு. பிளெக்ட்ரத்தால் ஓங்கி அடித்தால் மரத்தின் சாயலே இல்லாமல், பிளாஸ்டிக் ஸ்கேலை மேசை விளிம்பில் வைத்துச் சுண்டியது போல வரும். பீசோ தந்தி அடிபடும் அதிர்ச்சியை அப்படியே பிடித்துக்கொள்கிறது. உடலுக்குள் காற்று சுழன்று கனம் சேர்ப்பது அதன் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை. அதோடு பீசோவின் மின்மறுப்பு (மின்சார ஓட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) மிக அதிகம். ஏறத்தாழ 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீட்டு மின்மறுப்பு இருக்கும் கருவியில் இணைத்தால்தான் அடித்தள ஒலி நிற்கும். அதனால்தான் உள்ளே பிரீஆம்ப், பிரீஆம்புக்கு 9 வோல்ட் பேட்டரி. அந்தப் பேட்டரிக்குச் சுவிட்ச் கிடையாது. கேபிள் சொருகியிருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது கேபிளைக் கழற்றாமல் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய், அது அப்படியே பல நாள் கிடந்தால் ஒலி கரகரக்கும், பிறகு அடங்கும்.

ஒலி கூடினால் ஊளைச் சத்தம் தனிக் கதை. பெரிய உடல் கொண்ட கிட்டார்களில் உள்ளிருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸுக்கு அருகே தானாக அதிர விரும்புகிறது. ஐந்தாவது தந்தியை விரல் வைக்காமல் வாசித்தால் 110 ஹெர்ட்ஸ். ஆறாவது தந்தியின் மூன்றாம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். இரண்டும் சதா வாசிக்கிற ஸ்வரங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றால் அந்த இடத்தில் கிட்டார் தானே பாடத் தொடங்கிவிடும். ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடைத்தால் அடங்குகிறது. பிரீஆம்பில் ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தான் இருந்தால் சில சமயம் அதுவும் உதவுகிறது.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது பக்கப் பலகையில் வெட்டியிருக்கும் செவ்வக ஓட்டை. பிரீஆம்ப் பெட்டி உட்கார வேண்டுமே என்று நல்ல மரத்தை வெட்டிவிடுகிறார்கள். நல்ல மரக் கிட்டார் பல தலைமுறை வாழும். உள்ளே இருக்கும் மின்சுற்று அவ்வளவு நாள் வாழாது. அது செத்த பிறகு அதே அளவுப் பெட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும், அல்லது பட்டை ஒட்டி மூட வேண்டும். வாங்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: மேற்பலகை அடுக்கி ஒட்டாத முழு மரத்தில் செய்த நல்ல அகூஸ்டிக்காக வாங்குங்கள். அதே தொகைக்கு எலெக்ட்ரோ அகூஸ்டிக் வாங்கினால் பணத்தில் ஒரு பங்கு மின்சுற்றுக்குப் போகும், மேற்பலகை பெரும்பாலும் ஒட்டுப்பலகையாக இருக்கும். (ஒட்டுப்பலகை ஊளையிடுவது குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) மேடை ஏறும் நாள் வந்தால் அப்போது ஒலித்துளையில் மாட்டும் காந்தப் பிக்கப் வாங்கிக்கொள்ளலாம். கிப்சன் 1954இல் ஜே-160ஈ மாடலில் வைத்ததும் காந்தப் பிக்கப்தான். காந்தத்துக்கு எஃகுத் தந்தி மட்டும் போதும், சாடிலின் அடி எப்படி இருந்தாலும் அது கவலைப்படாது. நைலான் தந்தியென்றால் மட்டும் காந்தம் உதவாது. பிரிட்ஜுக்கு உள்ளே அடிப்புறம் ஒட்டும் தொடு பிக்கப் பார்க்க வேண்டும். எதுவாக இருந்தாலும் பக்கப் பலகையை வெட்ட வேண்டியதில்லை. கெட்டுப்போனால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வைக்கலாம்.

பிடிவாதமாக எலெக்ட்ரோ அகூஸ்டிக்தான் வேண்டுமென்றால், கடையில் ஒலியின் தன்மையை மாற்றும் ஈக்யூ பொத்தான்களையெல்லாம் நடுவில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தந்தியையும் ஒரே அழுத்தத்தில் ஸ்பீக்கர் வழியாகக் கேளுங்கள். கேபிள் இல்லாமல் கேட்டு மயங்க வேண்டாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு நண்பர், "அப்படியானால் உங்களுடையதை எனக்கு விற்றுவிடுங்கள்" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் நிகழ்ச்சி இருக்கிறது, டிரம்ஸ்காரர் வேறு புதியவர், ஓங்கி அடிப்பவராம். மைக் முன்னால் அசையாமல் உட்கார என்னால் ஆகாது.