ஆட்டிசமோ என்ற சந்தேகம் வந்த பெரியவர்களுக்கு: மூன்று வினாத்தாள்கள், எதை எவ்வளவு நம்பலாம்

தனக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று நாற்பது வயதில் சந்தேகம் வருபவர்களில் பலர் முதலில் போய் நிற்பது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வினாத்தாள்களிடம்தான். மருத்துவர் அப்புறம். ஏக்யூ (AQ), ராட்ஸ்-ஆர் (RAADS-R), கேட்-க்யூ (CAT-Q) ஆகிய மூன்றும் அதிகம் புழங்குபவை. இவற்றில் ஒன்றைக்கூட நோயறிதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிதானமாகப் போட்டால் பயன் உண்டு. நள்ளிரவில் மூன்றையும் வரிசையாகப் போட்டால் தூக்கம்தான் கெடும்.

ஏக்யூ 2001-ல் கேம்பிரிட்ஜில் உருவானது. 50 கேள்விகள், கால் மணி நேரம். 32-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்பது மூல ஆய்வு போட்ட கோடு. அந்த ஆய்வில் ஆட்டிசம் உள்ளவர்களில் 80 சதவீதம் பேர் அதை எட்டினார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 2 சதவீதம். அப்படியென்றால் ஆட்டிசம் உள்ளவர்களிலேயே ஐந்தில் ஒருவர் கோட்டுக்குக் கீழே இருந்தார். 28 வந்ததும் "அப்போ எனக்கில்லை" என்று மூடிவைப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. இன்னொன்று: "முழுக்க ஒப்புக்கொள்கிறேன்", "ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்" இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான். எதைத் தட்டுவது என்று மல்லுக்கட்ட வேண்டாம். கேள்விகளில் பழமை வாடை அடிக்கிறது. அருங்காட்சியகமா நாடகமா என்று கேட்பது ரசனையை அளக்கிறதா ஆட்டிசத்தை அளக்கிறதா என்றே தெரியவில்லை. கண்ணைக் கூசும் வெளிச்சம், உறுத்தும் துணி பற்றி ஒரு கேள்விகூட இல்லை. பெரிய ஓட்டை அதுதான்.

ராட்ஸ்-ஆர் (2011) அந்த ஓட்டையை அடைக்கிறது. 80 கேள்விகளில் 20 புலன், உடல் இயக்கம் சார்ந்தவை. அதிகபட்ச மதிப்பெண் 240, கோடு 65. இதன் சிறப்பு, "இப்போதும் சின்ன வயதிலும்", "இப்போது மட்டும்", "16 வயதுக்கு முன்பு மட்டும்", "எப்போதுமே இல்லை" என்று காலத்தைப் பிரித்துக் கேட்பது. சிக்கலும் அங்கேதான். பத்து வயதில் எப்படி இருந்தோம் என்பது யாருக்கு நினைவிருக்கிறது? பழைய பள்ளி அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அக்காவிடமோ அம்மாவிடமோ கேளுங்கள். "நான் விசித்திரமாக இருந்தேனா?" என்று கேட்டால் "நல்லாத்தானே இருந்தே" என்பார்கள். "சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிளை வெட்டச் சொல்லி அழுவேனா?" என்று கேட்டால் சரியான பதில் வரும்.

ராட்ஸ்-ஆர், மருத்துவர் அருகில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல, போடுவதற்காக எழுதப்பட்டது. தனியாகப் போடும்போது எண் சுலபமாக எகிறிவிடுகிறது. சமூகப் பதற்றம், ஏடிஎச்டி (கவனச்சிதறலும் மிகை இயக்கமும் கொண்ட நிலை), பழைய மன அதிர்ச்சிகள் எல்லாமே 65-ஐத் தாண்ட வைக்கக்கூடியவை. 90 வந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மூன்றில் ஒன்றுதான் போட நேரமிருக்கிறது என்றால் எங்கள் ஓட்டு கேட்-க்யூவுக்கு. 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு படிகளில் பதில், மதிப்பெண் 25 முதல் 175 வரை, கோடு 100. இது ஆட்டிசத்தை நேராக அளப்பதில்லை, அதை எவ்வளவு மறைத்து வாழ்கிறீர்கள் என்பதை அளக்கிறது. கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொண்டது, பேசப்போகும் வரிகளை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பது, மற்றவர் கைகால் அசைவைப் பார்த்துச் செய்வது. ஏக்யூவில் 27 வாங்கியவர் இதில் 140 வாங்கினால், அந்த 27 ஏன் தாழ்ந்தது என்பதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. ஆனால் மறைக்கவே தெரியாத ஆட்டிசக்காரருக்கு இதில் குறைவாகத்தான் வரும். அதை "இல்லை" என்று படிக்கக் கூடாது.

ஏக்யூவிலும் ராட்ஸ்-ஆரிலும் பொதுவாக நடக்கும் தவறு ஒன்று. "திட்டம் மாறினால் எரிச்சல் வருமா?" என்ற கேள்விக்குப் பலர் "இல்லை" என்கிறார்கள். திட்டமே மாறாதபடி வாழ்க்கையை அடுக்கி வைத்திருப்பார்கள், அதனால் எரிச்சல் வர வாய்ப்பே இல்லை. அந்த அடுக்கைக் கலைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பதில் சொல்லுங்கள். "நண்பர்களிடமா, அந்நியர்களிடமா, எந்தச் சூழலில்?" என்று கேள்வியிலேயே மாட்டிக்கொண்டால், இரண்டு பதிலையும் ஓரத்தில் எழுதுங்கள். "போன் எடுக்குமுன் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொள்வேன், எழுதாவிட்டால் எடுக்க மாட்டேன்" என்பது போன்ற ஒரு வரி, உங்களை மதிப்பிடும் நிபுணருக்கு 32 என்ற எண்ணைவிட உதவும். ஒரு வாரம் கழித்து அதே தாளைத் திரும்பப் போட்டு, மாறிய பதில்களை மட்டும் குறியுங்கள்.

மூன்றுக்கும் சேர்த்து ஒரு குறை: எண்ணைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிடுகின்றன. அதன் பிறகு பழைய சண்டைகள், விட்ட வேலைகள், முறிந்த நட்புகள் எல்லாம் வரிசையாக நினைவில் எழும். நிம்மதியும் துக்கமும் ஒரே நாளில் வரும். அந்த வாரத்தில் வேலையை விடவோ, ஊருக்கெல்லாம் அறிவிக்கவோ வேண்டாம். காதடைப்பானும் மங்கல் விளக்கும் சான்றிதழ் கேட்பதில்லை, அவற்றை அன்றே வாங்கலாம்.

முறையான மதிப்பீட்டுக்குப் போனால், டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு) அடிப்படையில் சமூகத் தொடர்பில் மூன்று அம்சங்களும், திரும்பத் திரும்பச் செய்தல், புலன் உணர்வு போன்ற நான்கில் குறைந்தது இரண்டும் பார்ப்பார்கள். சிறுவயதிலேயே தொடங்கியதா என்றும் கேட்பார்கள். கற்றுக்கொண்ட உத்திகள் பின்னாளில் அதை மறைத்திருக்கலாம் என்பதை அந்த நூலே ஒப்புக்கொள்கிறது. ஓரத்தில் எழுதிய குறிப்புகளை மேலேயும் மதிப்பெண் தாள்களை அடியிலும் வைத்து எடுத்துப் போங்கள்.